திரையில் வராத கால்

அந்தத் தெருவில் அவளுக்கு டிரைவர் அக்கா என்று பெயர். சைக்கிளைத் தவிர அவளுக்கு எதுவும் ஓட்டத் தெரியாது. வீட்டில் உண்மையாகவே பேருந்து ஓட்டுகிறவர் அவள் கணவர். அவரை யாரும் டிரைவர் என்று கூப்பிடுவதில்லை. ‘டிரைவர் அக்கா வீட்டுக்காரர்’ என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அவரும் பழகிவிட்டார்.

பெயர் வந்த காரணம் எளிது. அவள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள். யார் எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாலும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “டிரைவர் கிடைக்குதான்னு தேடிப் பாக்கறேன்” என்பாள். பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் விண்டோஸோடு பேசுவதற்கு ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். அது இல்லாவிட்டால் பாகம் உள்ளே இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

அவள் இதற்கென்று எங்கும் படிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்தாள். அங்கே தட்டச்சு இயந்திரங்கள் போய்க் கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றைப் பார்க்க வருகிற மெக்கானிக் வருவேன் என்பார், வரமாட்டார். காத்திருந்து அலுத்துப்போய் ஒருநாள் அவளே திருப்புளியை எடுத்தாள். அப்புறம் அதைக் கீழே வைக்கவில்லை. இப்போது வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு பக்கம் சலவைக் கடை, மறுபக்கம் சைக்கிள் கடை. நடுவில் அவள், மூடி இல்லாத பெட்டிகளோடு.

தானாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு உள்ள மாதிரி அவளுக்கும் சில பிடிவாதங்கள் உண்டு. பாகத்தின் அட்டைப்பெட்டியில் அச்சடித்த பெயரை அவள் நம்பமாட்டாள். “அது விக்கறவன் வச்ச பேரு. உள்ள ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அதுதான் பொறந்தப்ப வச்சது” என்பாள். அந்த எண்ணைத் திரையில் வரவழைத்து, அதைக் கொண்டுதான் டிரைவரைத் தேடுவாள்.

இன்னொரு பிடிவாதம், புதுப் பெட்டியை வைத்ததும் பழையதை அன்றைக்கே அப்புறப்படுத்திவிடுவது. மூலையில் கிடந்தால் மனிதர்கள் அதற்கே திரும்பிப் போவார்கள் என்பது அவள் அனுபவம். அதனால் கையோடு எடுத்துப் போய், உள்ளே இருப்பதை அழித்து, பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டுவிடுவாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெருமைதான் அந்த வெள்ளிக்கிழமை அவளை மாட்டிவிட்டது.

காலையில் போன் செய்தவர் கால்காரர். செயற்கைக் கால் செய்கிறவர், அதனால் அந்தப் பெயர். அவருடைய பட்டறைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அவள் புதுக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுத்திருந்தாள்.

“கால் வரலம்மா” என்றார் அவர்.

“எப்படி வரல? நேத்து திறந்து காட்டினேனே அண்ணா.”

“திறக்குது. பேர் போட்டா உள்ளயும் விடுது. தபால்காரம்மா காலை எடுத்தா அப்படியே மூடிக்குது.”

அவள் கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

போகிற வழியெல்லாம் முந்தின சாயங்காலத்தை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். புதுப் பெட்டியில் பழைய விண்டோஸை ஏற்றுவதே பெரும்பாடாக இருந்தது. பாதியில் கீபோர்டும் மௌஸும் செத்துவிட்டன. அவற்றை எழுப்பவே பொழுது போய்விட்டது. வேறு விண்டோஸ் போடவும் வழியில்லை. பட்டறையில் கால் அச்சைச் செதுக்கும் இயந்திரம் ஒரே ஒரு மென்பொருளின் பேச்சைத்தான் கேட்கும். அந்த மென்பொருள் பழைய விண்டோஸில்தான் உட்காரும். அதை எழுதிய கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பழைய பெட்டியில் இருந்த கால் அளவுகளையெல்லாம் இதற்கு மாற்றி, கடைசியில் மென்பொருளின் முதல் பக்கம் திறந்தபோது அவளுக்கு உயிர் வந்தது. எழுத்தெல்லாம் தடித்தடியாக, படம் கட்டம்கட்டமாகத் தெரிந்தது. திரைக்கான டிரைவர் இன்னும் போடவில்லை, அதனால்தான் அப்படி. அதை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பழைய பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் பக்கத்தைப் பார்த்தாள். ஒரு காலைத் திறந்து பார்க்கவில்லை. வாசலில் நின்றுவிட்டு வீட்டைப் பார்த்தேன் என்று சொன்ன மாதிரி.

பட்டறை ஓர் இரும்புக் கடையின் பின்புறம் நீளமாக இருந்தது. சுவரோரம் அடுக்கில் அளவு வாரியாகப் பாதங்கள், இடமும் வலமுமாக. நடந்து பழக இரண்டு கைப்பிடிக் கம்பிகள், எதிரே ஆளுயரக் கண்ணாடி. ஓரத்தில் கண்ணாடி அறைக்குள் செதுக்கும் இயந்திரம், அதைச் சுற்றி மாவு கொட்டின மாதிரி, தெர்மாகோல் போன்ற நுரைக்கட்டையின் தூள். பெஞ்சில் தபால்காரம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. ஊன்றுகோல்கள் இரண்டும் பக்கத்தில் சாய்ந்திருந்தன. அவளுடைய பழைய காலைப் பிரித்து, பாதத்தையும் குழாயையும் தனித்தனியாக மேஜைமேல் வைத்திருந்தார் கால்காரர். புதுக் கிண்ணம் செய்து அவற்றையே அதில் பூட்ட வேண்டும். முழங்காலுக்குக் கீழே மிச்சமிருக்கும் காலை உள்ளே வாங்கிக்கொள்கிற பகுதிக்குத்தான் கிண்ணம் என்று பெயர். பழைய கிண்ணம் தளர்ந்து, நடந்தால் புண்ணாக்கியது.

“வாங்கக்கா” என்றாள் தபால்காரம்மா. “உங்க பொட்டி என் காலை முழுங்கிடுச்சாம்.”

“கக்க வச்சிடலாம்” என்றாள் டிரைவர் அக்கா. குரல் அவளுக்கே நம்பிக்கையாகப் படவில்லை.

நிலைமையைக் கால்காரர் நிதானமாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை தபால்காரம்மாவின் அலுவலகத்தில் அவளை நடக்க வைத்துப் பார்க்கிறார்கள். பையைத் தோளில் போட்டு, படியேறி, இறங்கிக் காட்ட வேண்டும். காட்டினால் அவளுடைய தெருக்கள் அவளுக்கே. இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்; அவளை உள்ளே முத்திரை குத்தும் அறையில் உட்கார வைப்பார்கள். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அச்சைச் செதுக்கினால்தான் நாளைக்கு அதன்மேல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இழுத்து, கிண்ணமாக்கி, மாட்டிப் பார்க்க முடியும்.

“கையாலேயே மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுக்க முடியாதாண்ணா? முந்தி அப்படித்தான செய்வீங்க?”

“செய்யலாம். காயவே நாளாகும். அப்புறம் சீவணும்.” அவர் தன் வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். அது பாதிதான் திரும்பியது. “புதன், வியாழன் ஆயிடும்.”

அவள் தலையை ஆட்டினாள்.

“பழைய பொட்டி இருக்குல்லம்மா?” என்று கேட்டார் அவர். “இன்னைக்கு மட்டும் அதுல ஓட்டிக்கிட்டா?”

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். “போட்டுட்டேண்ணா. நேத்தே.”

கால்காரர் திட்டவில்லை. “சரி” என்று சொல்லிவிட்டு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மென்பொருளைத் திறந்து பார்த்தாள். பெயர்ப் பட்டியல் வந்தது. தபால்காரம்மாவின் பெயரைத் தட்டினாள். முப்பரிமாணப் படம் காட்ட வசதி இல்லை என்று ஒரு வரி வந்தது, மென்பொருள் மூடிக்கொண்டது. எதிர்பார்த்ததுதான். காலைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டுமானால் படம் வரைகிற பாகம் முழுசாக விழித்திருக்க வேண்டும். அதை எழுப்ப டிரைவர் வேண்டும். புதுப் பெட்டியில் அந்தப் பாகம் தனியாக இல்லை, எல்லாப் பாகங்களையும் தாங்கும் போர்டிலேயே பதிந்திருந்தது. எண்ணை எடுத்து, தன் போனின் இணைப்பில் தேடினாள். செய்த கம்பெனியின் பக்கத்தில் விண்டோஸ் பத்துக்கு உண்டு, பதினொன்றுக்கு உண்டு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“என்னக்கா சொல்லுது?”

“நான் பழைய ஆளுங்களோட பேசமாட்டேன்னு சொல்லுது.”

“எங்க புது அதிகாரி மாதிரி” என்றாள் தபால்காரம்மா.

படம் வரைவதற்கென்றே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் செருகுவதுதான் அடுத்த வழி. அவளிடம் பழைய கார்டுகள் கூடை நிறைய உண்டு. எல்லாமே முழு உயரம். இந்தப் பெட்டியோ இடத்தை அடைக்கக் கூடாது என்று கால்காரர் கேட்டு வாங்கிய ஒல்லிப் பெட்டி. அரை உயரக் கார்டுதான் உள்ளே போகும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் உதிரிபாகக் கடைக்குப் போய் நின்றாள்.

கடைக்காரர் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். “அரை உயரத்துல இருக்கறது இது ஒண்ணுதான். புது மாடல். பழைய விண்டோஸுக்கு ஆகும்னு நான் சொல்லமாட்டேன். அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது.”

“உங்ககூட என்னைக்குச் சண்டை போட்டேன்?”

“போன மாசம்.”

“அது சண்டை இல்ல. கேள்வி.”

கார்டு உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அவள் ஒரு முன்னெச்சரிக்கை செய்தாள். கார்டு சொதப்பினால் திரையே இல்லாமல் போய்விடுமே என்று, போர்டில் இருக்கும் பாகத்தையும் விழித்தே இருக்கும்படி அமைப்பில் மாற்றி வைத்தாள். பெட்டி எழுந்தது. பாகங்களின் பட்டியலைத் திறந்து, திரைப் பாகத்தின் எண்ணை எடுத்துத் தேடினாள். மறுபடியும் பத்து, பதினொன்று. பழைய விண்டோஸுக்கு இல்லவே இல்லை.

அதன்பின் நடந்ததை நினைத்தால் அவளுக்கு இன்றும் கூசும். பதற்றத்தில் அவள் தன் முறையை விட்டுவிட்டாள். எண் கைவிட்டதால் அட்டைப்பெட்டியின் பெயரைக் கொண்டு தேடினாள். எங்கெங்கோ உள்ள பக்கங்கள் திறந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பொத்தான், இங்கே தட்டு, இங்கே தட்டு என்று. மற்றவர்கள் அதைத் தட்டிவிட்டு அவளிடம் வந்து நிற்கும்போது அவள் பிடிபிடியென்று பிடித்துவிடுவாள். அன்றைக்கு அவளே தட்டினாள். டிரைவர் வரவில்லை. வேறு ஏதோ ஒன்று இறங்கி, அதுவாகவே நிறுவிக்கொண்டு, உங்கள் கம்ப்யூட்டரில் இத்தனை கோளாறு என்று எண்ணத் தொடங்கியது. இணைப்பைப் பிடுங்கி, இறங்கியதைத் தேடித் தேடி அழித்து முடிப்பதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

“உடம்பு சரியில்லையாம்மா?” என்றார் கால்காரர்.

“இல்லண்ணா. புழுக்கம்.”

மின்விசிறி அவள் தலைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார். செதுக்க வேண்டிய நுரைக்கட்டையை இயந்திரத்தில் பூட்டி, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, வந்து நின்றார். அவர் பங்குக்குச் செய்ய இனி ஒன்றும் இல்லை.

கணவரிடமிருந்து போன் வந்தது. வண்டியை நிறுத்தியிருக்கும் இடைவேளை போல, பின்னால் இரைச்சல் கேட்டது.

“மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனியா?”

“இல்ல.”

“குரலே சரியில்லையே. யார் பொட்டி?”

“கால்காரர் பொட்டி. நான்தான் கெடுத்தேன். அப்புறம் பேசறேன்.”

“கெடுத்தது நீன்னா சரி பண்றதும் நீதான். வச்சிடறேன்” என்றார் அவர். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

வெயில் பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே நகர்ந்திருந்தது. அந்த எண்ணுக்குரிய கம்பெனியின் பழைய டிரைவர்களை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும், இந்த வன்பொருளுக்கு நான் பொருந்தமாட்டேன் என்று ஒரே மாதிரி சொன்னது. தபால்காரம்மா கேலியை விட்டுவிட்டு வாசல் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே மெதுவாகச் சொன்னாள்:

“முத்திரை குத்தறது மோசமான வேலை இல்லக்கா. நிழல்தான். ஆனா அங்க யாரும் உங்களுக்காகக் காத்துட்டு இருக்கமாட்டாங்க. தெருவுல அப்படி இல்ல. நான் ஒருநாள் வரலன்னா, எங்க போனான்னு கேக்கறதுக்கு நாலு வாசல் இருக்கு.”

டிரைவர் அக்கா நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள். திரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

தபால்காரம்மா கழிவறைக்குப் போக எழுந்தாள். ஊன்றுகோலை மேஜைக்குப் பக்கத்தில் ஊன்றித் திரும்பியவள், தரையில் தொங்கிய ஒயரைக் கவனிக்கவில்லை. ஊன்றுகோல் அதில் மாட்டி இழுத்தது. திரை இருண்டது.

கால்காரர் ஓடிவந்து தபால்காரம்மாவின் தோளைப் பிடித்தார்.

“ஐயோ, போச்சா?” என்றாள் தபால்காரம்மா. முகம் வெளுத்துவிட்டது. “அக்கா, நான் வேணும்னு செய்யல.”

“ஒண்ணும் ஆகல. திரை ஒயர்தான் கழண்டிருக்கும். நீங்க விழாம இருந்தீங்களே, அது போதும்.”

அவள் குனிந்து பெட்டியின் பின்பக்கம் போனாள். ஒயரைக் கையில் எடுத்து, அது கழன்ற துளையைத் தேடினாள். இரண்டு துளைகள் இருந்தன. கீழே, புதுக் கார்டின் பளபளப்பான துளை. அதில் தூசியைத் தடுக்கும் பிளாஸ்டிக் மூடிகூட இன்னும் கழற்றாமல் இருந்தது. மேலே, போர்டின் துளை. ஒயர் மேலே இருந்துதான் கழன்றிருந்தது.

மூடியையே பார்த்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

கார்டைச் செருகியவள் ஒயரை மாற்றவில்லை. இரண்டு பாகங்களும் விழித்திருக்கட்டும் என்று அவளே வைத்த ஏற்பாட்டினால், திரை பாட்டுக்குப் பழைய துளை வழியே தெரிந்துகொண்டிருந்தது. பட்டியலில் டிரைவர் இல்லாத திரைப் பாகங்கள் இரண்டு, ஒரே பெயரில், ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்திருக்கும். மேலே இருந்ததை எடுத்துத் தேடியிருக்கிறாள். இவ்வளவு நேரமும் அவள் விசாரித்தது கார்டை அல்ல. முடியாது என்று காலையிலேயே சொல்லிவிட்ட அந்தப் போர்டை. அதனிடமே போய்ப் போய் நின்றிருக்கிறாள்.

“என்னம்மா?” என்றார் கால்காரர்.

“தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருந்திருக்கேண்ணா.”

“அதெல்லாம் எங்க வேலையில தினமும் நடக்கும்” என்றாள் தபால்காரம்மா.

மூடியைக் கழற்றி, ஒயரைக் கீழே செருகினாள். பட்டியலில் இரண்டாவது வரியின் எண்ணை எடுத்தாள். முதல் நான்கு எழுத்து செய்தவரைச் சொல்லும், அடுத்த நான்கு உள்ளே இருக்கும் சில்லை, அதாவது சிப்பை, சொல்லும். இந்த முறை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்துத் தட்டினாள். வந்த பதிலைப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தட்டினாள். அதே பதில். புது மாடல் என்று அட்டைப்பெட்டி சொன்ன கார்டுக்குள் இருந்தது பல வருஷப் பழைய சில். கார்டு செய்த கம்பெனி அதே சில்லுக்குப் புதுப் பெயர் வைத்துப் புதுப் பெட்டியில் போட்டிருந்தது. அந்தச் சில்லுக்குப் பழைய விண்டோஸ் டிரைவர் கம்பெனியின் பக்கத்திலேயே, பழைய வரிசையின் அடியில் கிடந்தது.

இறக்கிப் போட்டாள். பொருந்தமாட்டேன் என்றது.

காலையாக இருந்தால் நாற்காலியில் சாய்ந்திருப்பாள். இப்போது அவளுக்கு ஏன் என்று தெரிந்தது. டிரைவரோடு ஓர் எழுத்துக் கோப்பு வரும். தான் ஒப்புக்கொள்ளும் கார்டுகளின் எண்கள் அதில் வரிசையாக இருக்கும். புதுப் பெயர் வைத்தபோது கம்பெனி எண்ணின் வாலில் கொஞ்சம் மாற்றியிருந்தது. அந்த வால் வரிசையில் இல்லை. சில் அதேதான், உள்ளே விடுகிற ஆளுக்குத்தான் முகம் தெரியவில்லை. கோப்பைத் திறந்து, அதே சில்லுக்கான வரியைப் பிரதி எடுத்து, கீழே ஒட்டி, வாலை மட்டும் மாற்றினாள். சேமித்தாள்.

சிவப்பாக ஓர் எச்சரிக்கை எழுந்தது. இதில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், இதை நம்ப முடியாது, உண்மையிலேயே நிறுவ வேண்டுமா என்றது.

“யாரோ இல்ல, நான்தான்” என்று முணுமுணுத்துக்கொண்டு, வேண்டும் என்பதைத் தட்டினாள்.

திரை கறுத்தது.

புது டிரைவர் ஏறும்போது திரை ஒருமுறை கறுத்துத் திரும்பும். அது அவளுக்குத் தெரியும். திரும்பாமலும் போகும், அதுவும் தெரியும். கறுப்பில் மூன்று முகங்கள் தெரிந்தன. கால்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தபால்காரம்மாவின் விரல்கள் ஊன்றுகோலின் பிடியை நெரித்துக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் விசிறியின் சத்தம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். எதையும் தொடாதே, எதையும் தொடாதே என்று தன் கைக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் வந்தது. எழுத்தெல்லாம் ஊசி முனையாகத் தெளிந்திருந்தது.

மென்பொருளைத் திறந்து, பெயரைத் தட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு வடிவம் திரை நடுவில் எழுந்து மெதுவாகச் சுழன்றது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளம் மட்டும் போய் மழுங்கி முடிகிற கால். பக்கவாட்டில் ஒரு தழும்பின் மேடு.

தபால்காரம்மா நெருங்கி வந்து பார்த்தாள். “இதுவா நான்?” என்றாள். பிறகு, “கண்ணாடியில பாக்கறதைவிட நல்லாத்தான் இருக்கு.”

டிரைவர் முழுதாக அமர ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்று ஓரத்தில் ஓர் அறிவிப்பு நின்றது. இப்போதா, பிறகா என்று கேட்டது. டிரைவர் அக்காவின் விரல் பழக்கத்தில் ‘இப்போது’ பக்கம் போனது.

கால்காரர் அவள் கையைத் தொடாமல் மௌஸின் முன்னால் தன் உள்ளங்கையை வைத்தார். “வேணாம்மா. எழுந்திருச்சது எழுந்தே இருக்கட்டும். முதல்ல செதுக்கிடுவோம்.”

அணைத்துப் பார்க்காமல் ஒரு வேலையை முடிந்தது என்று அவள் சொன்னதே இல்லை. ஆனால் இந்தப் பெட்டியில் அவளுடைய பழக்கம் செய்தது போதும். ‘பிறகு’ என்பதைத் தட்டினாள்.

கண்ணாடி அறையில் இயந்திரம் முனகிச் சுழன்றது. நுரைத்தூள் பறந்தது. கட்டைக்குள்ளிருந்து தபால்காரம்மாவின் கால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அது முடியும்வரை டிரைவர் அக்கா திரைக்கு முன்னால் நின்றாள். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கேட்கவில்லை. கட்டையை வெளியே எடுத்துக் கால்காரர் அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்து, “சரியா இருக்கு” என்று சொன்ன பிறகும், இன்னொரு முறை அளக்கச் சொன்னாள். அன்று ராத்திரி பெட்டியை யாரும் அணைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். வீட்டில் கணவர் இரண்டு முறை கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

மறுநாள் மத்தியானம் பட்டறைக்குள் நுழைந்தபோது தபால்காரம்மா கம்பிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். புதுக் கிண்ணம், பழைய குழாய், பழைய பாதம். முதல் நடையில், “இங்க பிடிக்குது” என்றாள். கால்காரர் கழற்றி, சூடு காட்டி, கொஞ்சம் விரித்து மறுபடி மாட்டினார். இரண்டாவது நடையில் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதில் கம்பியை விட்டாள். வாசல் படியில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினாள். தோளில் பைக்குப் பதில் கால்காரரின் கருவிப்பை தொங்கியது.

“திங்கக்கிழமை இதைவிட மேலா நடப்பேன்” என்றாள். “இந்தப் பை நாத்தம் பிடிச்சது.”

அவள் சொந்தக் காலோடு, அப்படித்தான் அவள் சொல்லுவாள், தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஊன்றுகோல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள்.

“வாங்கம்மா, ஒரு காபி குடிக்கலாம்” என்றார் கால்காரர். “நேத்துலேர்ந்து நீங்க ஒண்ணும் சரியாச் சாப்பிடல.”

“இருங்கண்ணா.” அவள் ஏற்கெனவே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காத்திருந்த அந்த அறிவிப்பில் ‘இப்போது’ என்பதைத் தட்டினாள்.

கால்காரர் மறுபடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். திரை கறுத்தது. விசிறி அடங்கியது. பிறகு சத்தம் கேட்டது. வெளிச்சம் வந்தது. எழுத்து தெளிவாக இருந்தது. மென்பொருளைத் திறந்தாள், கால் வந்தது. வேறொருவர் பெயரைத் தட்டினாள், அவர் காலும் வந்தது.

“இப்பவாவது வாங்க.”

“இதோ வந்துட்டேண்ணா” என்றாள் அவள். “இன்னும் ஒரே ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாத்துக்கறேன்.”